பதற்ற மாத்திரையைக் குறைக்கணும்... புது மாத்திரையும் பிடிக்கணும்... நடுவில் இருக்கும் அந்தச் சில மாதங்களைக் கடப்பது எப்படி?

பல வருடங்களாகப் பதற்ற மாத்திரை சாப்பிட்டவர்கள், அதைக் குறைத்துக்கொண்டே மனச்சோர்வுக்கான மாத்திரைக்கு மாறும்போது உடம்பில் என்ன நடக்கிறது? வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

"அதான் புது மாத்திரை கொடுத்துட்டாங்களே... அந்தப் பழைய தூக்க மாத்திரையை இன்னியோட தூக்கிப் போடு!"

மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரியே பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். கேட்பவருக்கும் அந்த மாத்திரையிலிருந்து எப்போது விடுபடுவோம் என்றுதான் இருக்கும். ஆனால், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் சாப்பிட்ட பதற்ற மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவது, அதைத் தொடர்வதைவிட ஆபத்தானது. வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும்.

அதற்காக, பயந்துகொண்டு ஆயுள் முழுக்க அதையே சாப்பிட வேண்டியதும் இல்லை. மெதுவாகக் குறைத்து முழுசாக வெளியே வந்தவர்கள் ஏராளம். அதற்கு முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்த இரண்டு மாத்திரைகளும் வேலை செய்யும் வேகம் வேறு வேறு.

அரை மணி நேரமும் ஆறு வாரமும்

ஆல்ப்ரசோலம், குளோனசெபம், லோராசெபம், டயசெபம்... உங்கள் மருந்துச் சீட்டில் இவற்றில் ஒன்று இருந்தால், அது 'பென்சோடயசெபைன்' குடும்பத்து மாத்திரை. 1960-ல் லிப்ரியம், 1963-ல் வேலியம் என்று விற்பனைக்கு வந்த மருந்துகளின் வாரிசுகள் இவை. நம் மூளையில் 'காபா' என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்புகளின் துடிப்பை அடக்கிவைக்கும் பிரேக் அது. இந்த மாத்திரைகள் அந்த பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடிக்கின்றன. அதனால்தான் விழுங்கிய அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே படபடப்பு அடங்குகிறது, தூக்கம் வருகிறது.

எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்ற புது மாத்திரைகள் வேறு ரகம். இவை 'செரட்டோனின்' என்ற வேதிப்பொருளின் வழியாக வேலை செய்பவை. முழுப் பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். 'மனச்சோர்வு மாத்திரை' என்ற பெயரைப் பார்த்து, "எனக்கு டிப்ரஷன் எல்லாம் இல்லையே" என்று பலர் தயங்குகிறார்கள். தொடர் பதற்றத்துக்கும், திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும் 'பேனிக்' பிரச்னைக்கும் நீண்டகால சிகிச்சையாக மருத்துவர்கள் முதலில் தருவது இதே மாத்திரைகளைத்தான்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைக்க வேண்டும். புது மாத்திரை காபாவின் வேலையைச் செய்யாது. பழைய மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதால் வரும் வலிப்பையோ, நடுக்கத்தையோ அதனால் தடுக்க முடியாது. 'ஒன்றுக்குப் பதில் இன்னொன்று' என்ற கணக்கு இங்கே செல்லாது.

இது அடிமைத்தனமா?

வருடக்கணக்கில் வெளியிலிருந்து ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால், மூளை தன் பங்கு பிரேக்கைத் தளர்த்திவிடும். வெளி ஆள் சட்டென்று காலை எடுத்தால் வண்டி என்னாகும்? தூக்கமின்மை, கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, சின்னச் சத்தம்கூட காதைக் குடைவது, வெளிச்சம் கண்ணைக் கூசுவது என்று வரிசையாக வரும். இவைதான் விலகல் அறிகுறிகள். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவைத் துளியும் மீறாமல் சாப்பிட்டவருக்கும் இது வரும். உடம்பு பழகிப்போனதன் விளைவு இது. இதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்காவில் தொலைக்காட்சி ஆவணப்படத் தயாரிப்பாளராக இருந்த பார்பரா கார்டன், பல வருடங்கள் சாப்பிட்ட வேலியத்தை மருத்துவர் சொன்னபடி ஒரேயடியாக நிறுத்தினார். அதன் பிறகு நிலைகுலைந்து மனநல மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போனதை 1979-ல் புத்தகமாகவே எழுதினார். அது பெரிய விற்பனை கண்டது, 1982-ல் சினிமாவாகவும் வந்தது. இன்று மருத்துவ உலகம் இதில் தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல், இந்த வகை மருந்துகள் அனைத்துக்கும் உடல் சார்ந்துபோவது, விலகல் அறிகுறிகள் பற்றிய உச்சபட்ச எச்சரிக்கையைக் கட்டம்கட்டி அச்சிடச் சொன்னது.

முதலில் புதுசு, பிறகு குறைப்பு

பெரும்பாலும் மருத்துவர்கள் பின்பற்றும் வரிசை இது. பழைய மாத்திரை அதே அளவில் தொடரும். கூடவே புது மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்குவார்கள். எஸ்சிடாலோபிராம் என்றால் 5 மி.கி., செர்ட்ராலின் என்றால் 25 மி.கி. என்பது போல. சில வாரங்களில் அது பிடித்துக்கொண்டதும், பழையதைக் குறைக்க ஆரம்பிப்பார்கள்.

சிறிய அளவில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு வாரங்களில் புது மாத்திரையே பதற்றத்தைக் கொஞ்சம் கூட்டலாம். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஓர் இடத்தில் உட்கார முடியாத பரபரப்பு வரலாம். "பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்தா பதற்றம் அதிகமாகுதே" என்று பலர் நான்காவது நாளே நிறுத்திவிடுவது இதனால்தான். பலருக்கும் இது இரண்டு வாரத்தில் தானாகவே தணியும். தாங்க முடியவில்லை என்றால் நிறுத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அளவையோ, சாப்பிடும் நேரத்தையோ மாற்றித் தருவார்.

பாதி மாத்திரைக் கணக்கு

எவ்வளவு வேகத்தில் குறைப்பது? 2025-ல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவிகிதம் குறைப்பதில் தொடங்கலாம் என்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவிகிதத்துக்கு மேல் குறைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம் (புரிந்துகொள்ள மட்டும். வீட்டில் செய்துபார்க்க அல்ல). ஒருவர் ஆல்ப்ரசோலம் காலையில் 0.5, இரவில் 0.5 என்று நாளுக்கு 1 மி.கி. சாப்பிடுகிறார். கடையில் கிடைக்கும் சிறிய மாத்திரை 0.25 மி.கி. அதில் பாதி என்றால் 0.125. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பாதியைக் குறைத்துக்கொண்டே போனால், எட்டுப் படிகள், 24 வாரங்கள். கிட்டத்தட்ட ஆறு மாதம்!

இதில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. முதல் படியில் குறைவது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் 0.25-லிருந்து 0.125-க்கு வரும்போது, அதே பாதி மாத்திரைதான் குறைகிறது என்றாலும், உடம்புக்கு அது சரிபாதி வெட்டு. "முக்கால்வாசி தாண்டிட்டேன், கடைசியில வந்து ஏன் இப்படிப் படுத்துது?" என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். தப்பு உங்களிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. கடைசிப் படிகளை இன்னும் சின்னதாக, இன்னும் மெதுவாக வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சிலருக்கு ஆல்ப்ரசோலத்தை டயசெபமாக மாற்றிவிட்டுக் குறைப்பார்கள். ஆல்ப்ரசோலம் உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். டயசெபம் நாள்கணக்கில் தங்கி, மெதுவாக இறங்கும். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே கிளினிக் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் பரவலாக்கிய முறை இது. எல்லோருக்கும் இது பொருந்தாது. வயதானவர்களுக்கும் கல்லீரல் பிரச்னை உள்ளவர்களுக்கும் டயசெபம் அதிகமாகத் தேங்கிவிடலாம். இரண்டின் மி.கி. அளவும் ஒன்றுக்கொன்று சமம் கிடையாது என்பதால், இந்த மாற்றத்தை மருத்துவர்தான் கணக்குப்போட வேண்டும்.

ஒரே மாத்திரைக்குள் ரெண்டும் இருந்தால்?

நம் ஊரில் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம் இது. எஸ்சிடாலோபிராமும் குளோனசெபமும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் இங்கே பல பிராண்டுகளில் கிடைக்கின்றன. உங்கள் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு மருந்துப் பெயர்கள் இருந்தால், அதைப் பாதியாக உடைத்தால் இரண்டும் பாதியாகும். குறைக்க வேண்டியதோடு, தொடர வேண்டியதும் சேர்ந்து குறைந்துவிடும். நிறுத்தினால் இரண்டும் ஒரே நாளில் நிற்கும். 'இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தர முடியுமா?' என்ற ஒரு கேள்வி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

'எஸ்.ஆர்' என்று போட்டிருக்கும், மெதுவாகக் கரையும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் உடைக்கவோ, பொடிக்கவோ கூடாது.

எது எதனால் வருகிறது?

இந்த மாதங்களில் ஒருநாள் படபடப்பு வந்தால், காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

* புது மாத்திரையின் ஆரம்ப விளைவு: தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் இரண்டு வாரங்களில் வரும். குமட்டல், தலைவலி கூடவே இருக்கும்.

* பழைய மாத்திரையின் விலகல்: அளவு குறைத்த ஓரிரு நாளில் தலைகாட்டும். குளோனசெபம், டயசெபம் என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம். சத்தம், வெளிச்சம் தாங்காமை, தசைத் துடிப்பு என முன்பு இல்லாத தொல்லைகள் சேர்ந்து வரும்.

* பழைய பதற்றமே திரும்புவது: மெதுவாக, வாரக்கணக்கில் ஏறும். முன்பு எதை நினைத்துப் பயந்தீர்களோ, அதே பயமாக இருக்கும்.

மூன்றையும் பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே சிரமம். அதனால்தான் ஒரே வாரத்தில் புதியதைக் கூட்டி, பழையதையும் குறைக்காமல், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பங்குக்குத் தினசரி காலண்டரிலோ, மொபைலிலோ ஒரு வரி எழுதுங்கள். தேதி, இரண்டு மாத்திரைகளின் அளவு, தூங்கிய நேரம், பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க். அடுத்த முறை போகும்போது இந்தப் பக்கம்தான் டாக்டருக்கு ரொம்ப உதவும்.

தாங்க முடியாத வாரம் வந்தால், இருக்கும் அளவிலேயே இன்னும் சில வாரம் நிற்க மருத்துவர் சொல்லலாம். அது தோல்வி இல்லை. மாடிப்படி ஏறும்போது நின்று மூச்சு வாங்குவதைப் போலத்தான். இந்தக் காலத்தில் 'சி.பி.டி' என்ற பேச்சுவழி சிகிச்சையும் சேர்ந்தால், முழுசாக நிறுத்துவதற்கான வாய்ப்பு கூடுகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

* 'இன்னுமா நிறுத்தலை?' என்று கேட்காதீர்கள். மாத்திரையை ஒளித்துவைக்காதீர்கள்.

* ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்ப்ரசோலம், டயசெபம் போன்றவை 'ஹெச்1' பட்டியல் மருந்துகள். 2014 முதல், மருந்துக்கடையில் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதிய பிறகே தர வேண்டும். சீட்டு கையில் இருக்கட்டும்.

* மது கூடவே கூடாது. டிரமடால், கோடீன் போன்ற வலி, இருமல் மருந்துகளோடு சேர்ந்தாலும் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. ஃபுளுவாக்சமைன் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் ரத்தத்தில் ஆல்ப்ரசோலத்தின் அளவைக் கூட்டும். எந்த டாக்டரைப் பார்த்தாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

* வயதானவர்கள் ராத்திரி எழுந்தால் தடுமாறி விழ வாய்ப்பு அதிகம். பாத்ரூம் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

காத்திருக்கவே கூடாத நேரம்

வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாத உருவமோ குரலோ தெரிவது, அதிகக் காய்ச்சலோடு கடும் நடுக்கம். இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புது மாத்திரையின் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. எந்த வயதினராக இருந்தாலும், அப்படி ஒரு பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

ஏற்கெனவே நீங்களாக நிறுத்தி ஓரிரு நாள் ஆகியிருந்தால், இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். வருடக்கணக்கில் பழகிய உடம்புக்கு, விலகவும் சில மாதங்கள் தேவைப்படும். அந்த அவகாசத்தை அதற்குக் கொடுங்கள்.