ஞாயிறுதோறும் 22 மைல்

ஞாயிற்றுக்கிழமை என்றதும் நம்மிற் பலருடைய மனம் ஓய்வையே நாடும். பிந்தி எழுவதும், ஆறுதலாகப் பத்திரிகை படிப்பதும், மதிய உணவின் பின் சற்றே கண்ணயர்வதும் அந்த நாளுக்கே உரிய இன்பங்கள். ஆனால், 1950 ஆம் ஆண்டை அடுத்து வந்த காலத்தில், நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் வாழ்ந்த இளைஞர் சிலருக்கு ஞாயிறு வேறொரு பொருளைத் தந்தது. அன்று அவர்கள் ஒரு வீட்டு வாசலிற் கூடுவார்கள். அங்கிருந்து புறப்பட்டு, நகருக்கு மேற்கே உள்ள வைட்டாக்கரே மலைச்சாரலில் ஏறி, வையட்டாருவா என்னும் மேட்டிடத்தைக் கடந்து, மறுபடியும் அதே வாசலுக்கு ஓடி வருவார்கள். அவர்கள் ஓடிய தூரம் 22 மைல். ஏறக்குறைய 35 கிலோமீற்றர்.

அவ்வீட்டுக்குரியவர் ஆதர் லிடியார்ட். 1917 ஆம் ஆண்டு பிறந்த அவர் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். குடும்பத்தைக் காப்பதற்காக அதிகாலையில் வீடு வீடாகப் பால் விநியோகித்த காலமும் உண்டு. பல்கலைக்கழகத்தில் உடற்கூறு பயின்றவரல்லர். அரசாங்கம் நியமித்த பயிற்சியாளரும் அல்லர். எனினும், உலகின் ஓட்டப் பயிற்சி முறையையே மாற்றியமைத்த பெருமை அவரைச் சாரும். அந்த மாற்றம் மாளிகை போன்ற விளையாட்டரங்கிற் பிறக்கவில்லை. ஓர் அயற்புறத்து ஓட்டக் கழகத்தின் வாராந்தப் பயிற்சியிலேயே பிறந்தது.

இளமையில் றக்பி ஆடிய லிடியார்ட், தம்முடைய உடல் நல்ல நிலையில் உள்ளதென்றே எண்ணியிருந்தார். அவருக்கு இருபத்தைந்து வயது கடந்திருந்த வேளையில், ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த மூத்த நண்பர் ஒருவர் அவரை ஐந்து மைல் ஓட்டத்துக்கு அழைத்துச் சென்றார். நண்பர் எளிதாக ஓடினார். லிடியார்ட்டோ மூச்சுத் திணறிக் களைத்துப் போனார். இந்த வயதிலேயே இந்நிலையானால் இன்னும் இருபது ஆண்டுகள் சென்றபின் என்னாவது என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து அவர் தம் உடலையே ஆய்வுகூடமாக்கினார்.

ஒரு வாரம் குறைவாக ஓடுவார். மறு வாரம் மிதமிஞ்சி ஓடுவார். எந்த அளவு உடலைத் தேற்றுகின்றது, எந்த அளவு வாட்டுகின்றது என்று பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார். முடிவில், வளர்ந்த ஒரு வீரன் சீரான வேகத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய 100 மைல் ஓடுவதே மிகுந்த பயன் தரும் என்று கண்டார். 1950 ஆம் ஆண்டு ஒக்லாந்தில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓட்டத்தில் பங்குபற்றினார். 1953 ஆம் ஆண்டிலும் 1955 ஆம் ஆண்டிலும் நியூசிலாந்தின் மரதன் வீரர் பட்டத்தை வென்றார். இதற்கிடையே அயலிலுள்ள இளைஞர்கள் அவரைத் தேடி வரலாயினர். ஒவைராக்கா என்னும் பகுதியின் ஓட்டக் கழகம் அவர்களுடைய கூடமாயிற்று.

அக்காலத்தில் ஓட்டப் பயிற்சி எவ்வாறு நடைபெற்றது என்பதை இங்கே நாம் அறிதல் வேண்டும். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்று ஓட்டங்களையும் வென்றவர் செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சாட்டோபெக். குறுகிய தூரத்தை விரைந்து ஓடுதல், சிறிது தூரம் மெல்ல ஓடி இளைப்பாறுதல், மீண்டும் விரைதல் எனப் பன்முறை தொடரும் பயிற்சியே அவருடைய ஆயுதம். உலகெங்கும் பயிற்சியாளர்கள் அவ்வழியைப் பின்பற்றினர். லிடியார்ட் அதனைத் தள்ளிவிடவில்லை. ஆனால் அதனைக் கடைசியில் வைத்தார். அத்திவாரம் இடாமற் கூரை வேய முடியாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

பந்தய நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது அவர் வழக்கம். முதலில் பல வாரங்கள் நெடுந்தூர ஓட்டம், அதன் பின் சில வாரங்கள் கால்களுக்கு உரமூட்டும் மேட்டு ஓட்டம், அதன் பின்னரே ஓடுதளத்தில் விரைவுப் பயிற்சி, இறுதியிற் பந்தயம். அரை மைல் ஓடுபவனுக்கும் 26 மைல் ஓடுபவனுக்கும் அத்திவாரம் ஒன்றே.

இதிலுள்ள உண்மையைப் பிற்கால உடலியல் ஆய்வுகள் நன்கு விளக்கின. நெடுந்தூரம் சீராக ஓடிப் பழகியவனுடைய இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைச் செலுத்துகின்றது. தசைகளினுள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. பிராணவாயுவைக் கொண்டு சக்தியை ஆக்கும் திறன் தசைகளில் வளர்கின்றது. இவை ஓரிரு நாளில் நிகழ்வனவல்ல. மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும். பக்கத்தில் ஓடுபவனுடன் பேசிக்கொண்டே ஓட இயலாவிட்டால், வேகம் அளவு மீறிவிட்டது என்று கொள்ளலாம். ஆயினும் அது சோம்பல் நடையன்று. மலையேற்றம் மலையேற்றமே. பாதை வட்டமாகச் சென்றதால், நடுவழியிற் களைத்தவன் திரும்பி வந்தாலும் முன்னே சென்றாலும் தூரம் ஒன்றாகவே இருந்தது. புதியவனுக்குத் துணையாக மூத்தவர்கள் ஓடினர். அவர்கள் பகலிற் பிழைப்புக்காக உழைத்துவிட்டு, எஞ்சிய வேளையில் ஓடியவர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அந்த இளைஞர்களுள் ஒருவர் மறே ஹல்பேர்க். 1950 ஆம் ஆண்டு, அவருக்குப் பதினேழு வயதாயிருந்தபோது, றக்பி ஆட்டத்தில் தோள் சிதைந்து இடக்கை செயலிழந்தது. உடை அணியவும் உணவு உண்ணவுங்கூட அவர் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கையசைவின் உதவி குன்றிய ஒருவர் ஓட்டத்தில் உலகை வெல்வார் என்று அன்று யார் நினைத்திருப்பார்? மற்றொருவர் பீற்றர் ஸ்னெல். திடகாத்திரமான உடல் வாய்ந்த அவர் 800 மீற்றர் ஓடுபவர். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு 22 மைற் பயிற்சி எதற்கு என்று கேட்போருக்கு விடை கிடைக்கும் நாளும் வந்தது.

1960 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆம் திகதி. இடம் ரோமாபுரி ஒலிம்பிக் அரங்கு. 800 மீற்றர் இறுதி ஓட்டத்தில், அப்போது உலக சாதனையைத் தம் வசம் வைத்திருந்த பெல்ஜிய வீரர் ரொஜர் முவான்ஸ் முந்திக்கொண்டிருந்தார். இறுதி அடிகளில் ஸ்னெல் அவரைக் கடந்து தங்கப் பதக்கம் பெற்றார். அவருக்கு வயது 21. சிறிது நேரத்தில் 5,000 மீற்றர் இறுதி ஓட்டம் தொடங்கியது. இன்னும் மூன்று சுற்றுகள் எஞ்சியிருக்கையிலேயே ஹல்பேர்க் மற்றவர்களை விட்டுப் பிரிந்து பாய்ந்தார். கடைசிச் சுற்றில் அவருடைய வேகம் தளர்ந்தது. பின்னே வந்தவர்கள் நெருங்கினர். எனினும் அவரை எட்ட முடியவில்லை. வெற்றிக் கோட்டைக் கடந்ததும் புற்றரையில் வீழ்ந்து கிடந்தார். ஒரே மாலையில் இரண்டு தங்கப் பதக்கங்கள்! எட்டு நாட்களின் பின் நடந்த மரதன் ஓட்டத்தில், எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி வென்றபோது, மூன்றாவதாக வந்தவர் பரி மகீ. அவரும் லிடியார்ட்டிடம் பயின்றவரே.

அதன் பின்னும் ஸ்னெல் மலைப்பாதையைக் கைவிடவில்லை. 1961 ஆம் ஆண்டு டிசெம்பரில் முழு மரதன் தூரத்தையும் ஓடி முடித்தார். சில வாரங்களின் பின், 1962 ஆம் ஆண்டு ஜனவரி 27 ஆம் திகதி, வங்கனூய் நகரின் புற்றரை ஓடுதளத்தில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 செக்கனில் ஓடி உலக சாதனையை நிலைநாட்டினார். மறு வாரம் கிறைஸ்ட்சேர்ச்சில் 800 மீற்றர் சாதனையையும் முறியடித்தார். 1964 ஆம் ஆண்டு டோக்கியோவில் 800 மீற்றர், 1,500 மீற்றர் இரண்டிலும் தங்கம் அவருக்கே கிடைத்தது.

பதக்கங்களோடு இக்கதை முடிந்திருந்தால், அது வீரர்களின் கதையாக மட்டுமே நின்றிருக்கும். ஆனால், மெதுவாகவும் ஒழுங்காகவும் ஓடுதல் எல்லோருக்கும் நன்மை தரும் என்று லிடியார்ட் நம்பினார். 1962 ஆம் ஆண்டில் ஒக்லாந்தில் நடுத்தர வயதினருக்கான மெல்லோட்டக் கழகம் ஒன்று தோன்றியது. இருதய நோய் கண்டு தேறியவர்களும் அக்காலத்தில் அவருடைய வழிகாட்டலில் ஓடினர். இருதய நோயாளி படுக்கையிலேயே கிடத்தல் வேண்டும் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது! அவ்வாண்டின் இறுதியையொட்டி அங்கு சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அவர்களுடன் சேர்ந்து ஓடினார். எழுபது வயது கடந்த முதியவர் ஒருவர் தம்மை எளிதாக முந்தியதைக் கண்டு அவர் வெட்கித்தார். நாடு திரும்பி ஒறிகனில் அதே வழக்கத்தைத் தொடக்கினார். 1967 ஆம் ஆண்டில் இருதய வைத்தியர் ஒருவருடன் இணைந்து அவர் எழுதிய நூல் அமெரிக்கா எங்கும் மெல்லோட்டத்தைப் பரப்பியது.

லிடியார்ட் பின்லாந்துக்கும் அழைக்கப்பட்டார். அந்நாட்டுப் பயிற்சியாளர்கள் அவர் முறையைத் தழுவினர். 1972 ஆம் ஆண்டு மியூனிக்கில் பின்லாந்தின் லாசே விரேன் 10,000 மீற்றர் ஓட்டத்தில் இடறி விழுந்து, எழுந்து ஓடி, உலக சாதனையுடன் வென்றார். 5,000 மீற்றர் ஓட்டத்தையும் வென்றார். ஹல்பேர்க் 1963 ஆம் ஆண்டில் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கு உதவும் நிதியம் ஒன்றை நிறுவினார். அப்பணி இன்றும் தொடர்கின்றது. ஸ்னெல் உடலியலில் கலாநிதிப் பட்டம் பெற்று ஆய்வாளரானார். லிடியார்ட் 2004 ஆம் ஆண்டிலும், ஸ்னெல் 2019 ஆம் ஆண்டிலும், ஹல்பேர்க் 2022 ஆம் ஆண்டிலும் காலமாயினர்.

இவற்றையெல்லாம் படிக்கும் பெற்றோரும் மாணவரும் நம் பாடசாலைகளை நினைத்துப் பார்த்தல் நன்று. இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கியதும், அதுவரை ஓடாத பிள்ளைகளை இரண்டு கிழமைக்குள் வீரர்களாக்க முயல்கின்றோம். கடும் விரைவோட்டத்தில் அவர்களை வாட்டுகின்றோம். பந்தயத்திலே பின்தங்கிய பிள்ளை, தனக்கு ஓட்டம் வராது என்று முடிவு செய்து, வாழ்நாள் முழுவதும் ஓடாதிருந்துவிடுகின்றது. பிள்ளைகள் விளையாட்டாக நிறைய ஓடலாம், ஆனால் மூச்சு முட்டும் கடும் பயிற்சி அவர்களுக்கு ஆகாது என்பதே லிடியார்ட்டின் கருத்து.

22 மைலும் 100 மைலும் வளர்ந்த வீரர்களுக்கு உரியவை. அவற்றைப் பிள்ளைகள் மீது சுமத்துதல் தகாது. நமது வெப்பத்தில் அதிகாலையே ஓட்டத்துக்கு ஏற்ற வேளை. முதியவர்களும் நோயாளரும் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். மற்றப்படி, இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஊரிலே ஒரு மைதானமோ அமைதியான ஒரு தெருவோ இருந்தாற் போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அயலிலுள்ள நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லப் பேசிக்கொண்டே ஓடட்டும். பின்தங்கும் பிள்ளைக்காக முன்னே சென்றவர்கள் திரும்பி வரட்டும். அடுத்த வாரமும் அதே நாளில், அதே இடத்தில், அவர்கள் மீண்டும் கூடுதலே முக்கியம்.