கொட்டாய்க்குச் சாலை வேண்டுமா? தலைக்கணக்கைப் பாருங்கள்

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் விவசாயிகள் கூட்டத்துக்குச் சென்றால், உரம், பூச்சிமருந்து பற்றிய பேச்சுக்கு முன்பே எழும் கேள்வி, "எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை எப்போது வரும்?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஓசூரிலிருந்து பெங்களூர்ச் சந்தை சுமார் 40 கிலோமீட்டர். அந்தத் தூரம் தொல்லையல்ல. கொட்டாயிலிருந்து தார்ச்சாலை வரை உள்ள 2 கிலோமீட்டர் மண்பாதைதான் தொல்லை. ஒரு பெட்டித் தக்காளியைச் சாலையில் சேர்க்கப் 10 ரூபாய் கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 பெட்டி எடுப்பவருக்கு 5,000 ரூபாய் பாதையிலேயே போய்விடுகிறது. மழையில் வண்டி சேற்றில் சிக்கினால் ரோஜாவும் கொத்தமல்லியும் மறுநாள் வரை தாங்குவதில்லை.

சாலை தருவதற்கு அரசு முதலில் பார்ப்பது மக்கள்தொகையை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேருக்குக் குறையாத குடியிருப்புக்கே இணைப்புச் சாலை என்று விதி. மலை மாநிலங்கள், பாலைவனம், பழங்குடியினருக்கான அட்டவணைப் பகுதிகள் ஆகியவற்றுக்கு 250 போதும். தமிழ்நாட்டில் அத்தகைய அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. அஞ்செட்டி மலைக் குடியிருப்புகளுக்கு இது பெருங்குறையே.

2024-ல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் 2011 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. நாடு முழுவதும் 25,000 குடியிருப்புகளை இணைப்பது இதன் நோக்கம். இதிலும் சமவெளிக்கு 500 பேர் என்பதே பொது அளவு. சில சிறப்புப் பகுதிகளுக்குத் தளர்வு உண்டு. உங்கள் ஒன்றியம் எதில் சேரும் என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே விவசாயிகள் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. மக்கள்தொகை வெளியீடுகளில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் தொகை. சாலைத் திட்டம் பார்ப்பதோ தனித்தனிக் குடியிருப்பை. ஐந்து கொட்டாய்கள் சேர்ந்த கிராமத்தில் 1,800 பேர் இருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு கொட்டாயும் 500-ஐ எட்டாமல் நின்றுவிடும். இதற்கு வழி உண்டு. 500 மீட்டர் சுற்றளவுக்குள் உள்ள குடியிருப்புகளின் தொகையைச் சேர்த்துக் கணக்கிடலாம் என்று அத்திட்டத்தின் தொடக்க விதிகளே இடம் தந்தன. 320 பேரும் 210 பேரும் உள்ள இரு கொட்டாய்கள் அருகருகே இருந்தால் 530 ஆகிவிடுகிறது. தனித்தனியே மனுக் கொடுப்பதில் பயனில்லை.

மற்றொன்று, தொழிற்பேட்டையால் வந்த சிக்கல். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது முதல் நம் பிள்ளைகள் ஆலைக்குப் போகிறார்கள். கம்பெனி பஸ் பெரும்பாலும் மெயின்ரோட்டோடு நின்றுவிடும். வீட்டிலிருந்து போய்வர முடிகிறவர் கணக்கெடுப்பில் ஊர்க்காரராகவே பதிவாகிறார். போய்வர வழியில்லாதவர் ஓசூரில் அறை எடுத்துத் தங்கினால் அவர் தலை அங்கே எண்ணப்படும். பாதை இல்லாததால் ஆள் குறைகிறது. ஆள் குறைந்ததால் பாதை வருவதில்லை. களையெடுக்க ஆள் கிடைக்காததற்கும் இதில் பங்கு உண்டு.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது என்று அரசு 2025 ஜூனில் அறிவித்தது. கணக்கெடுப்பாளரிடம் வழக்கமாக வீட்டில் தங்குபவர் ஒருவரும் விடுபடாமல் சொல்லுங்கள். தோட்டத்து வீடுகளையும் காட்டுங்கள். அவைதான் அதிகம் விட்டுப்போகின்றன. வெளியூரில் குடியிருப்பவரைச் சேர்த்துச் சொல்வது தவறு.

ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றும்போது, "சாலை வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். குடியிருப்பின் பெயர், வீடுகள், ஆட்கள், தார்ச்சாலைக்கு உள்ள தூரம், பாதை அரசுப் புறம்போக்கா பட்டா நிலமா என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். பட்டா நிலமாயின் உரியவரிடம் முன்பே பேசி இசைவு பெறுங்கள். பல இடங்களில் வேலை நிற்பது இங்கேதான். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினிபஸ் திட்டத்துக்கும் வண்டி திரும்ப இடமுள்ள பாதை தேவை. எனவே சாலை முடியும் இடத்தில் சிறிது நிலம் ஒதுக்கி வையுங்கள்.