மாநிலம் தாண்டி பி.இ. - ஆழம் பார்த்துக் காலை வைப்போம்!



இறுதியாண்டு வந்தாலே ஒர்க்‌ஷாப்பிலும் கேன்டீனிலும் ஒரே பேச்சுதான்: "டிப்ளமோ முடிச்சிட்டு என்னடா பண்ணப் போற?" ஒருவன் வேலை என்பான். ஒருவன் பி.இ. என்பான். இன்னொருவன், "பெங்களூர்ல நேரா செகண்ட் இயர் சீட் இருக்காம், ஒரு புரோக்கர் சொன்னாரு" என்பான். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ஆளுக்காக.

வெளிமாநிலம் போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எந்த வாசல் வழியாகப் போகிறோம், போகும்போது எதை இங்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு போகணும், அவ்வளவுதான். வீட்டில் படித்த அண்ணன், அக்கா இருப்பவர்கள் சாப்பிடும்போதே இதையெல்லாம் கேட்டுக்கொள்வார்கள். என்னைப் போன்றவர்கள் யாரைக் கேட்பது? எங்கள் வீட்டில் பட்டம் என்றால் ஆடிக் காற்றில் விடுகிற பட்டம்தான்! நாம் நீட்டுகிற இடத்தில் அப்பா கையெழுத்துப் போடுவார். அம்மா கழுத்தில் கிடப்பதையும் கழற்றிக் கொடுப்பார். அதனால் நீட்டுவதற்கு முன்னால் நாமே நன்றாகப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த ஊருக்கு எந்த வாசல்?

மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதைத்தான் லேட்டரல் என்ட்ரி என்கிறோம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏ.ஐ.சி.டி.இ., இதற்கு வைத்திருக்கும் அடிப்படைத் தகுதி 45 சதவீத மதிப்பெண். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40.

தமிழ்நாட்டில் இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு கவுன்சிலிங் நடத்துகிறார்கள். பக்கத்து மாநிலங்களில் அப்படி இல்லை. கர்நாடகத்தில் டி.சி.இ.டி., கேரளத்தில் எல்.இ.டி., ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இ.சி.இ.டி. என்று தனித்தனித் தேர்வுகள் உண்டு. இ.சி.இ.டி.யில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி நம் பாடப்பிரிவில், 50 கணக்கில், மீதி இயற்பியலிலும் வேதியியலிலும். முதல் வருஷத்தோடு கணக்கை மூட்டை கட்டி வைத்தவர்கள் கவனிக்க!

தேர்வு எழுதினால் மட்டும் போதாது. அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால், இந்த மாநிலத்தில் எத்தனை வருஷம் படித்தாய், எத்தனை வருஷம் வசித்தாய் என்று பெரும்பாலும் கேட்பார்கள். அங்கே நமக்குக் கணக்கில் ஒரு வருஷம்கூட இருக்காது. அதனால்தான் புரோக்கர் சொல்கிற சீட் அநேகமாக மேனேஜ்மென்ட் சீட்டாக இருக்கிறது.

ஐ.ஐ.டி.யில் டிப்ளமோகாரர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டு கிடையாது. மூன்றாண்டு டிப்ளமோவை வைத்து ஜே.இ.இ. எழுதலாம், ஆனால் முதலாம் ஆண்டில்தான் சேர முடியும். பஞ்சாபில் லோங்கோவால் என்ற ஊரில் 1989-ல் மத்திய அரசு நிறுவிய பொறியியல் கழகம் ஒன்று இருக்கிறது. சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என்று படிப்படியாக ஏறுகிற முறையில் அதை அமைத்தார்கள். டிப்ளமோ முடித்தவர்களைத் தன் சொந்த நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட வாசல்களைப் பற்றி எந்தப் புரோக்கரும் நம்மிடம் சொல்வதில்லை. அதில் அவருக்குக் கமிஷன் ஏது?

எல்லையில் இறக்கி வைக்க வேண்டியவை

முதலாவது, முதல் பட்டதாரி சலுகை. 2010-11 முதல் தமிழக அரசு தருகிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்று சான்றிதழ் வாங்கி, கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே கட்டிவிடும். இங்கேயே மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடையாது. மாநிலம் தாண்டினால் பேச்சே இல்லை. இரண்டு ஊர்க் கட்டணத்தையும் ஒப்பிடும்போது இந்தத் தொகையைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஹாஸ்டல், மெஸ், ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் மூன்று வருஷத்துக்கும் கூட்டுங்கள்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். நம் மாநிலப் பட்டியலில் இருக்கும் சாதி இன்னொரு மாநிலப் பட்டியலிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும், ஒரு மாநிலத்தின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து போய் அங்கே அதே இட ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல், பம்பாய் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கில் சொல்லிவிட்டது.

நம்மோடு கூட வருகிற சலுகையும் ஒன்று உண்டு. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் தர வேண்டும். சேரும் முன்பே இங்குள்ள நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

வாசல் மாதிரி தெரியும் சுவர்கள்

"காலேஜுக்கே போக வேண்டாம், வேலை பார்த்துக்கிட்டே பி.இ." என்று நோட்டீஸ் வந்தால் உஷார்! அனுமதியில்லாமல் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது, தனியாகத் தேர்வு எழுதித் தேறச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. பத்து வருஷம் வேலை பார்த்தவரின் சர்டிபிகேட் ஒரே நாளில் வெறும் காகிதமானால் அந்த வீடு என்ன ஆகும்? யோசியுங்கள்.

அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கு நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே சென்டர் என்றாலும் நம்பாதீர்கள். மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே கடை விரிக்க முடியாது என்பது 2005-ல் பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கின் தீர்ப்பு.

நம் சீனியர்கள் பலருக்குக் கைகொடுத்த ஏ.எம்.ஐ.இ.யும் பழைய மாதிரி இல்லை. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் மத்திய அரசு அதைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கிறது. வேலையோடு படிக்க விரும்புகிறவர்களுக்கு, பணியாளர்களுக்கென்றே தனி வகுப்பு நடத்த 2023-24 முதல் ஏ.ஐ.சி.டி.இ. கல்லூரிகளுக்கு அனுமதி தருகிறது. ஒரு வருஷ வேலை அனுபவம் வேண்டும். விசாரித்துப் பாருங்கள்.

போவது என்றே முடிவானால்

அட்வான்ஸ் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தப் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா? இந்தக் கல்லூரிக்கு, இந்தப் பிரிவுக்கு, ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டா? என் சீட் அரசு ஒதுக்கீடா, மேனேஜ்மென்ட்டா? மூன்று வருஷத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தருவீர்களா? பதில் வாயால் மட்டும் வந்தால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். ரசீது இல்லாத பணம் கிணற்றில் போட்ட கல்.

டி.சி., மைக்ரேஷன் சர்டிபிகேட், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் இவற்றைக் கையில் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். ஒரிஜினல்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. இது தெரியாமல், ஒரிஜினல் உள்ளே மாட்டிக்கிடக்கிறதே என்பதற்காகவே பிடிக்காத கல்லூரியில் காலம் தள்ளுகிறவர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று. நேராக மூன்றாவது செமஸ்டரில் போய் உட்காரும்போது, நம்மோடு இருப்பவர்கள் ப்ளஸ் டூ கணக்கையும் முதலாண்டுக் கணக்கையும் முடித்து வந்தவர்கள். ஒர்க்‌ஷாப்பில் நாம் முந்துவோம், கணக்கில் பிந்துவோம். ரிசல்ட் வருவதற்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையில் கிடைக்கிற வாரங்களில் வகைநுண், தொகைநுண் இரண்டையும் புரட்டி வையுங்கள். அந்த ஊர் பாஷை தானாக வந்துவிடும், இன்டெக்ரேஷன் தானாக வராது!

கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள் நண்பர்களே. நம் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள் நாம். நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கு, சாப்பிடும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள இனி நாம் இருப்போம். உள்ளூரோ வெளியூரோ, செல்லுபடியாகிற பட்டத்தோடு திரும்பி வாருங்கள். வாழ்த்துகள்!

- இறுதியாண்டு, இயந்திரவியல் துறை