மஞ்சள் விளக்கை மறைக்காதீர்!

அடுகோடியில் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்ளும் வீடுகள் பல உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து பிழைப்பை நாடி வந்து, கடன் பெற்று ஒரு பிக்கப் வண்டி வாங்கி, அதனையே குடும்பத்தின் ஏர்மாடாகக் கொண்டு வாழ்வோரின் வீடுகள் அவை. கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டைகளை ஏற்றி, கோரமங்கலா, மடிவாளா, வில்சன் கார்டன் கடைகளில் இறக்கிவிட்டுத் திரும்பினால்தான் அன்றைய அடுப்பு எரியும்; மாதத் தவணையும் தீரும். அத்தகைய வீட்டில் வண்டி ஒரு நாள் நின்றால், வீடே ஒரு நாள் நின்றதாகும்.

எங்கள் தெருவிலும் அப்படிப்பட்ட அன்பர் ஒருவர் உண்டு. சென்ற ஆண்டில் ஒரு நாள், அவர் வண்டியின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிற்று. வண்டியோ வழக்கம்போல் ஓடிற்று. ஆகவே அவர் அவ்விளக்கின்மீது கறுப்பு டேப் ஒன்றை ஒட்டிவிட்டு, தம் வேலையைப் பார்த்தார். மூன்று வாரங்கள் கழிந்தன. ஓசூரிலிருந்து பூ மூட்டைகளுடன் திரும்புகையில், அத்திப்பள்ளி அருகே வண்டி வேகம் குன்றி, கட்டை வண்டிபோல் ஊர்ந்தது. பூவும் வாடிற்று, வாடகையும் போயிற்று.

பழுது பார்க்கும் இடம் ஒன்றில், “சைலன்சர் வழியில் இருக்கும் வடிகட்டியை அறுத்து எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரில் சாப்ட்வேரையும் மாற்றிவிடுவோம், அண்ணா. பிறகு அந்த விளக்கே எரியாது” என்றார்கள். அன்பர் இசைந்துவிடும் நிலையில் இருந்தார். ஆனால் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைக் காக்கும் அவர் மனைவியார், “விளக்கு எரியாமல் இருப்பது வேறு, நோய் தீர்வது வேறு அல்லவா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடுகோடியும் டீசலும்

டீசல் எஞ்சினுக்கும் நம் பேட்டைக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினுக்கு 1893-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அந்த எஞ்சின் சிறிதாகி, சாலை வண்டிகளில் ஏறுவதற்குத் துணை செய்தது எண்ணெயை அளந்து பீச்சும் பம்பாகும். ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. அந்நிறுவனத்தின் உறவோடு 1951-இல் இந்தியாவில் பிறந்ததே மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. நம்மவர் வாயில் அது ‘மைக்கோ’. ஓசூர் சாலையில், அடுகோடியில் எழுந்த அதன் தொழிற்சாலை, டீசல் பம்புகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் நாடெங்கும் அனுப்பிற்று. 2008-இல் கம்பெனியின் பெயர் பாஷ் என மாறியது. பின்னர் உற்பத்தி வேலை பிடதிக்குப் பெயர்ந்தது. எனினும் ‘மைக்கோ’ என்ற பெயர் இன்றும் பேட்டையை விட்டு அகலவில்லை.

அக்காலத்துப் பம்பு முழுவதும் இரும்பின் வேலை. இக்காலத்து வண்டியிலோ, எண்ணெய் 1,600 பார் அளவிலும் அதற்கு மேலும் அழுத்தம் பெற்று, ஒரு பொதுக் குழாயில் காத்து நிற்கிறது. எந்த இன்ஜெக்டர் எப்பொழுது, எவ்வளவு எண்ணெய் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் ஆணையிடுகிறது. வெப்பம், அழுத்தம், காற்றின் அளவு ஆகியவற்றைச் சென்சார்கள் அதற்கு ஓயாது அறிவிக்கின்றன. அறிவிக்கப்பட்ட அளவு எல்லை மீறினால், கம்ப்யூட்டர் ஒரு குறியெண்ணைத் தன் நினைவில் பதித்துக்கொண்டு, மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. மெக்கானிக்குகள் ‘எரர் கோடு’ என்பது இதனைத்தான்.

கரி எங்கே தங்குகிறது?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியும் இடம்பெற்றது. இதனை டி.பி.எஃப். என்பர்.

வீட்டில் மாவு சலிக்கும் சல்லடை அடைத்துக்கொண்டால் தட்டிவிடுகிறோம். இந்த வடிகட்டியைத் தட்ட இயலாது. அது தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. வண்டி சீரான வேகத்தில் இருபது நிமிடம் போல ஓடினால் அவ்வெப்பம் நிலைத்து நிற்கும். நம்மவர் வண்டிகளோ மைக்கோ சிக்னலில் ஐந்து நிமிடம், சில்க் போர்டில் பத்து நிமிடம் என நின்று நின்று செல்பவை. கரி எரியத் தொடங்கும் வேளையில் கடை வந்துவிடுகிறது, எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். நாள்தோறும் இவ்வாறு நேர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

இதில் மற்றொரு கேடும் உண்டு. கரியை எரிப்பதற்காகக் கம்ப்யூட்டர் சற்று மிகுதியான டீசலைச் செலுத்துகிறது. அவ்வேலை பாதியில் நின்றால், எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஆகவே ஆயில் அளவுக் கம்பியில் மட்டம் ஏறியிருக்கக் கண்டால் மகிழாதீர். அது செல்வம் அன்று; நீர்த்துப்போன ஆயில்.

எண்கள் சொல்வது யாது?

ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். கைப்பேசியுடன் சேரும் சிறு கருவி ஒன்றை அதில் செருகினால் பொதுவான குறியெண்களைப் படிக்கலாம். அக்கருவி சில நூறு ரூபாய் முதல் கிடைக்கிறது. ‘பி’ என்ற எழுத்தில் தொடங்குவன எஞ்சினையும் கியரையும் சார்ந்தவை. நம் வண்டிகளில் அடிக்கடி தோன்றும் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

பி 0087: பொதுக் குழாயில் எண்ணெயின் அழுத்தம் குறைவு. உடனே பம்பைப் பழிக்க வேண்டா. டீசல் பில்டர் அடைத்திருக்கிறதா, அதில் நீர் சேர்ந்திருக்கிறதா, வரும் குழாயில் காற்று புகுகிறதா என்று முதலில் காண்க.

பி 0299: டர்போ தரவேண்டிய காற்றழுத்தம் குறைவு. பெரும்பாலும் ரப்பர்க் குழாய் கிழிந்திருக்கும், அல்லது அதன் கிளாம்பு தளர்ந்திருக்கும். மேடு ஏறும்போது சீழ்க்கை ஒலியும் கரும்புகையும் வரும்.

பி 0401: இ.ஜி.ஆர். வழியே திரும்ப வேண்டிய புகை போதவில்லை. வால்வில் கரி படிந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருந்தாலும் இவ்வெண் வரும்.

பி 2463: வடிகட்டியில் கரி மிகுந்துவிட்டது. பி 2002: வடிகட்டி தன் வேலையைச் செவ்வனே செய்யவில்லை. வடிகட்டியின் இருபுறத்து அழுத்தத்தையும் அளக்கும் சென்சாரின் மெல்லிய குழாய் வெடித்திருந்தாலும் இவ்வெண்கள் தோன்றலாம்.

பி 20இஇ: யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டிகளுக்கு உரியது. நச்சு வாயுவை அடக்கும் பகுதி சரிவர இயங்கவில்லை என்று பொருள். அக்கரைசல் நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியாவும் எஞ்சியது தூய நீரும் ஆகும். வயலுக்கு இடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோர் உளர். நூறு ரூபாயை மிச்சப்படுத்திப் பல ஆயிரத்தை இழக்கும் வழி அது.

இவற்றை மனத்தில் கொள்ளும்போது ஒன்றை மறத்தலாகாது. குறியெண் நோய் இருக்கும் திசையைக் காட்டுமேயன்றி, வாங்க வேண்டிய சாமானைக் காட்டாது. எண்ணைப் பார்த்தவுடன் ஜே.சி. ரோடுக்கு ஓடிச் சென்சார் வாங்குவது, காய்ச்சல் என்றவுடன் வெப்பமானியை மாற்றுவது போன்றதே. எண்ணை அழிப்பதற்கு முன் தாளில் எழுதி வையுங்கள். எலி கடித்த ஒயர், தளர்ந்த இணைப்பு, கிழிந்த குழாய் ஆகிய மூன்றையும் கண்ணால் பார்த்த பின்னரே செலவைப் பற்றி எண்ணுங்கள்.

அறுத்தெறியலாமா?

அந்தப் பட்டறையார் கூறிய வழிக்கு வருவோம். வடிகட்டியை நீக்கினால் கரி மறைவதில்லை. நம் தெருவுக்கு வருகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் உறுதி செய்தது. விடியற்காலையில் வண்டி உறுமி நிற்பது எவருடைய வாசலில்? திண்ணையில் படிக்கும் பிள்ளையும், இருமும் பாட்டியும் நம்மவரே அன்றோ?

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வண்டியின் பாகங்களை மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். புகை விதியை மீறி ஓட்டுவோருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்ஸையும் மூன்று மாதம் இழக்க நேரும். சாப்ட்வேரால் ஏய்ப்பது பெரியோருக்கே பலிக்கவில்லை. சோதனையின்போது மட்டும் நச்சுப் புகையை அடக்கும் சாப்ட்வேரை வைத்திருந்த ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2015-இல் அமெரிக்காவில் பிடிபட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள் அவ்வழக்கில் சிக்கின.

செய்யத்தக்கவை

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சுமையையும் வேகத்தையும் குறைத்துச் சென்று, இரண்டொரு நாளில் காட்டுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அக்கணமே எஞ்சினை நிறுத்துங்கள்.

வடிகட்டி விளக்கு முதன்முதலாக எரியும்போது, வண்டியின் கைநூல் அனுமதித்தால், போக்குவரத்துக் குறைந்த வேளையில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் வழியே அத்திப்பள்ளி வரை சீராக ஓட்டி வாருங்கள். வாரம் ஒருமுறை இப்படி ஓடும் வண்டிக்கு அந்த விளக்கு எரிவதே அரிது. கரி எரியும்போது சைலன்சர் கடும் வெப்பம் கொள்ளும். வைக்கோலின்மீதோ காய்ந்த புல்லின்மீதோ வண்டியை நிறுத்தாதீர்.

கைநூலில் குறித்த, சாம்பல் குறைந்த எஞ்சின் ஆயிலையே ஊற்றுங்கள். கரி எரிந்து போகும். மட்டமான ஆயிலின் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். எமிஷன் சர்ட்டிபிகேட் முடியும் நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். விளக்கு எரிந்த நாள், குறியெண், செய்த வேலை, கொடுத்த தொகை ஆகிய நான்கையும் வீட்டுப் பெண்மணிகள் கணக்குப் புத்தகத்தில் எழுதிவருதல் நலம்.

நம் அன்பரின் கதை என்னவாயிற்று? மனைவியாரின் சொல்லைக் கேட்டு, அவர் வேறொரு முதிய மெக்கானிக்கிடம் சென்றார். வண்டியில் இரண்டு எண்கள் பதிவாகியிருந்தன: முதலில் 0299, பின்னர் 2463. டர்போவிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாயில் விரல் நீளத்திற்கு ஒரு கிழிசல். காற்றுக் குறைந்தது, அதனால் கரி பெருகிற்று, அதனால் வடிகட்டி அடைத்தது. குழாயை மாற்றி, கருவியின் உதவியால் கரியை எரித்தவுடன் வண்டி பழைய வேகம் பெற்றது. “தம்பி, வடிகட்டி குற்றவாளி இல்லை, குற்றத்தைச் சொன்ன சாட்சி. சாட்சியையா அறுப்பார்கள்?” என்றாராம் அம்முதியவர்.

மூன்று வாரங்களுக்கு முன் டேப்பை ஒட்டாமல் எண்ணைப் படித்திருந்தால், ஒரு குழாயின் விலையோடு அது முடிந்திருக்கும். பூவும் வாடியிராது. அந்த அன்பரின் வண்டியில் இப்பொழுது டேப் இல்லை. முகப்புப் பெட்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது.