மைனஸ் ஏழு கற்றுத் தரும் பாடம்

அந்தமான் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தும் ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். சி பிளஸ் பிளஸ் காலத்துப் பிராக்டிகல் பட்டியலை வரிக்கு வரி பைத்தானுக்கு மாற்றினாராம். புரோகிராம் எர்ரர் இல்லாமல் ஓடுகிறது, விடைதான் தப்பாக வருகிறது. ஏன் என்று கேட்கிறார்.

எங்கள் தீவுகளின் பள்ளிகள் சிபிஎஸ்இ வழியில் பைத்தானுக்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலோ 2018இல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகம் சி பிளஸ் பிளஸ். 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பைத்தான். ஆகவே இந்தக் கேள்வி கடலின் இரண்டு கரைக்கும் பொது.

செமிகோலன், இன்டென்டேஷன் போன்ற வேறுபாடுகளை விட்டுவிடுகிறேன். அவற்றில் பிசகினால் பெரும்பாலும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். அது வாய் திறக்காத இடம் வகுத்தல்.

'இலக்கங்களின் கூட்டுத்தொகை காண்க' என்பது எல்லா ரெக்கார்டு நோட்டிலும் உள்ள கணக்கு. 10ஆல் வகுத்து மீதியைக் கூட்டு. ஈவை வைத்துக்கொண்டு மறுபடி வகு. பூஜ்யம் வந்ததும் நிறுத்து. 472 கொடுத்தால் சி பிளஸ் பிளஸ் 47, 4, 0 என மூன்றே சுற்றில் முடித்து 13 என்கிறது. இன்றைய பைத்தானில் ஒற்றைச் சாய்கோடு தசமத்தோடு வகுக்கும்: 47.2, 4.72, 0.472... எண் தேய்ந்து பூஜ்யமாவதற்குள் லூப் முந்நூறு சுற்றுக்கு மேல் சுழல்கிறது. விடை 14.44 என்று ஏதோ வருகிறது.

இரட்டைச் சாய்கோடு போட்டால் 472 சரியாகிவிடும். -472 கொடுத்துப் பாருங்கள், லூப் நிற்கவே நிற்காது!

எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இது. மரைன் ஹில் சரிவில் எங்கள் வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. படியிறங்கித்தான் போக வேண்டும். சாலையைப் பூஜ்யம் என்று வையுங்கள். -7ஐ 2ஆல் வகுத்தால் -3.5, அதாவது கீழே மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில். சி பிளஸ் பிளஸ் சாலையை நோக்கி ஏறி -3இல் நிற்கும். பைத்தானின் இரட்டைச் சாய்கோடு எப்போதும் இறங்கும்: -4. மீதி அங்கே -1, இங்கே 1. ஈவை 2ஆல் பெருக்கி மீதியைக் கூட்டினால் இரண்டிலும் -7 கிடைக்கும். ஆக இரண்டும் சரியே.

பைத்தானின் வழக்கத்தில் ஒரு வசதியும் உண்டு. ஞாயிறு 0, சனி 6 என்றால் ஞாயிற்றுக்கு முந்தைய நாள் -1. அதை 7ஆல் வகுத்த மீதியாக பைத்தான் 6ஐத் தரும், சனிக்கிழமை வந்துவிடும். சி பிளஸ் பிளஸ் தருவது -1. அப்படியொரு கிழமை இல்லை. ஆனால் நம் இலக்கக் கணக்கில் -472 என்பது -48, -5, -1 என்று இறங்குகிறது. -1ஐ 10ஆல் வகுத்துக் கீழே இறக்கினால் மறுபடியும் -1. பூஜ்யம் எப்படி வரும்?

வேறு சில கணக்குகளைப் பைத்தானுக்கு மாற்றினால் விடை சரியாக வரும், பாடம் காணாமல் போய்விடும். பழைய டர்போ சி பிளஸ் பிளஸ்ஸில் சாதாரண முழு எண்ணுக்கு 32767தான் உச்சம். 8இன் ஃபேக்டோரியல் 40320. அது -25216 என்று வந்து நிற்கும். எண்ணுக்கு ஒதுக்கிய இடத்துக்கும் எல்லை உண்டு என்று பிள்ளை அங்கே கற்றது. பைத்தானின் முழு எண் தேவைக்கேற்ப வளரும். 100இன் ஃபேக்டோரியலையும் முழுதாக அச்சிடும். அந்தப் பாடத்தை இனி வேறு கணக்கு வைத்துத்தான் நடத்த வேண்டும்.

பட்டியலை மொழிமாற்றி, அவுட்புட்டை ஒட்டி, கையெழுத்து வாங்கினால் பிராக்டிகல் முடிந்தது என்ற பழக்கம் பரவிக் கிடக்கிறது. அதில் பிள்ளைகள் இழப்பது அதிகம். ஒவ்வொரு கணக்கையும் மாற்றுமுன் இது எதைக் கற்பிக்க வந்தது என்று கேளுங்கள், டீச்சர். பூஜ்யத்தையும் மைனஸ் எண்ணையும் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு மொழியின் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஏன் வேறுபடுகிறது என்று பிள்ளை தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதட்டும். மதிப்பெண்ணை அந்த வரிக்குக் கொடுங்கள்.