டிஸ்கவுண்ட் கேட்காதீங்க, கோட்டேஷனைக் கேளுங்க: தம்பியோட முதல் காரில் 68,400 ரூபாய் மிச்சமான கதை



சில மாசத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சித்தப்பா பையன்கிட்ட இருந்து போன். பின்னாடி ஒரே சத்தம்.

"அண்ணா, ஷோரூம்ல இருக்கேன். இன்னைக்கே புக் பண்ணா 15,000 ஆஃபராம். நாளைக்கு வந்தா கிடையாதாம். டோக்கன் போட்டுடட்டுமா?"

"போடாதடா. கோட்டேஷன் ஷீட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு. அனுப்பிட்டு வீட்டுக்குக் கிளம்பு."

அவனுக்குக் கொஞ்சம் கோபம்தான். சென்னையில் ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 52,000. மூணு வருஷமா காருக்குன்னு தனியா சேர்த்து வச்சது 3,75,000 ரூபாய். பேங்க் லோன் 7 லட்சம். ஷோரூம் சொன்ன ஆன்-ரோடு விலையோ 11,40,000. துண்டு விழுந்த 65,000-ஐ கிரெடிட் கார்டு இஎம்ஐல போட்டுக்கலாம்னு அவனே முடிவு பண்ணியிருந்தான். எனக்கு பயம் வந்தது அங்கதான்.

ஏன்னா இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். என் முதல் கார் வாங்கும்போது அப்பா, அம்மா எல்லாரும் கூட வந்திருந்தாங்க. காபி வந்தது, வரவேற்பு பலமா இருந்தது. அப்பா முன்னாடி ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்டா மரியாதையா இருக்காதுன்னு நினைச்சு, நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். "10,000 டிஸ்கவுண்ட் வாங்கிட்டேன்"னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொன்னேன். வீட்டுக்கு வந்து நிதானமா பார்த்தா, இன்சூரன்ஸ்ல மட்டுமே அதைவிட அதிகமா என்கிட்ட வாங்கியிருந்தாங்க.

அன்னைக்குப் புரிஞ்ச விஷயம் இதுதான். கார் விலையில் பேரம் பேசுறதுன்னா எக்ஸ்-ஷோரூம் விலையைக் குறைக்கச் சொல்றது மட்டும் இல்ல. அதுக்குக் கீழே இருக்கிற வரிகளில்தான் நம்ம பணம் அதிகமா போகுது. வாங்க, தம்பி அனுப்பின ஷீட்டை வரிவரியா பார்க்கலாம்.

அந்த கோட்டேஷனில் என்ன இருந்தது?

- எக்ஸ்-ஷோரூம் விலை: 9,20,000
- சாலை வரி: 1,19,600
- ஆர்டிஓ பதிவு: 9,500
- இன்சூரன்ஸ்: 48,200
- ஹேண்ட்லிங் சார்ஜ்: 8,500
- ஆக்சஸரீஸ் பேக்: 22,000
- எக்ஸ்டெண்டட் வாரண்டி: 16,500
- ஃபாஸ்டேக்: 800
- பெயிண்ட் கோட்டிங்: 9,900
- ஆஃபர்: கழித்தல் 15,000

மொத்தம் 11,40,000 ரூபாய். உங்க ஊர், உங்க கார், உங்க டீலரைப் பொறுத்து எண்கள் மாறும். ஆனா தலைப்புகள் கிட்டத்தட்ட இதேதான் இருக்கும்.

அரசுக்குப் போற பணம்: இங்கே பேரம் கிடையாது, ஆனா கவனம் வேணும்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்தது. 5 லட்சம் வரை உள்ள கார்களுக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம். தம்பி பார்த்த காருக்கு 13 சதவீதம், அதாவது 1,19,600. கணக்கு சரி.

ஆனா அந்த ஷோரூம்ல அவனை ஒரு படி மேல இருக்கிற வேரியண்ட்டுக்கு இழுத்தாங்க. விலை 10,15,000. "வெறும் 95,000 தான் சார் வித்தியாசம், சன்ரூஃப் வருது" என்றார்களாம். உண்மையில் என்ன ஆகும்? 10 லட்சம் தாண்டியதும் மொத்தத்துக்கும் வரி 18 சதவீதம், அதாவது 1,82,700. வரியில் மட்டும் 63,100 கூடுது. ஆக வித்தியாசம் 95,000 இல்ல, 1,58,100. இன்சூரன்ஸும் கொஞ்சம் ஏறும். போதாக்குறைக்கு 10 லட்சத்துக்கு மேல போன காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பாங்க. அந்த டிசிஎஸ் நம்ம பான் கணக்கில் ஏறும், வருமான வரி தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம் இல்ல திரும்ப வாங்கலாம். ஆனா சாலை வரி போனது போனதுதான்.

10 லட்சத்துக்குப் பக்கத்துல விலை இருக்கிற காரைப் பார்க்கிறவங்க இந்த ஒரு கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துட்டுப் போங்க.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சது. அது அரசு குறைச்ச வரி. "ஜிஎஸ்டிலயே குறைஞ்சிடுச்சு சார், இதுக்கு மேல என்ன டிஸ்கவுண்ட்?"னு கேட்டா மயங்காதீங்க. டீலர் தர்ற தள்ளுபடி வேற, வரிக் குறைப்பு வேற.

ஆர்டிஓ பதிவு 9,500 என்ற வரிக்கு வருவோம். சொந்த உபயோகக் காரோட பதிவுக் கட்டணம் 600 ரூபாய். லோன் இருந்தா அதைப் பதிய 1,500. இதுபோக ஸ்மார்ட் கார்டு, சாலைப் பாதுகாப்பு வரின்னு சில சின்னத் தொகைகள். மீதி எல்லாம் டீலரோட சர்வீஸ் கட்டணம்தான். "இதுல அரசு ரசீது எவ்வளவுக்கு வரும், உங்க கட்டணம் எவ்வளவு?"னு பிரிச்சுக் கேளுங்க. தம்பி கேட்டதும் 9,500 என்பது 6,000 ஆச்சு.

இன்சூரன்ஸ்: பெரிய ஓட்டை இங்கேதான்

புது காருக்கு 3 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதோட பிரீமியம் எல்லாக் கம்பெனியிலும் ஒண்ணுதான். 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி 1000-க்கு மேல 1500 சிசி வரை உள்ள காருக்கு 3 வருஷத்துக்கு 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அப்போ வித்தியாசம் எங்க வருது? நம்ம காருக்கான சேதக் காப்பீட்டிலும் ஆட்-ஆன்களிலும்.

டீலர்கிட்டதான் இன்சூரன்ஸ் எடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. டீலர் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ விதியே இருக்கு. "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்"னு பயமுறுத்துவாங்க. நீங்க எடுக்கப்போற கம்பெனியோட கேஷ்லெஸ் பட்டியலில் உங்க சர்வீஸ் சென்டர் இருக்கான்னு முன்னாடியே பாருங்க. இருந்தா அந்தப் பேச்சு முடிஞ்சது.

ஒப்பிடும்போது மூணு விஷயம் ஒண்ணா இருக்கணும். முதல்ல ஐடிவி. புது காருக்கு இது பொதுவா எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம். இதைக் குறைச்சுக் காட்டி பிரீமியம் கம்மின்னு சொல்றவங்களும் உண்டு. இரண்டாவது ஆட்-ஆன்கள், குறிப்பா ஜீரோ டெப். மூணாவது காலம்: சேதக் காப்பீடு 1 வருஷமா, 3 வருஷமான்னு பாருங்க. 1 வருஷம் எடுத்தாலே போதும்.

தம்பி அதே ஐடிவி, அதே ஆட்-ஆன்களோட ஆன்லைன்ல பார்த்தான். 36,700. மிச்சம் 11,500.

ஒரு எச்சரிக்கை: வெளியில பாலிசி எடுக்க சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் வேணும். அதைத் தராம கடைசி நேரம் வரை இழுத்தடிப்பாங்க. அதனால புக்கிங் பண்ணும்போதே "இன்சூரன்ஸ் நான் எடுத்துக்கிறேன்"னு வாட்ஸ்அப்ல எழுத்தா சொல்லிடுங்க.

ஹேண்ட்லிங், ஆக்சஸரீஸ், கோட்டிங்

ஹேண்ட்லிங் சார்ஜ் அரசுக் கட்டணம் இல்ல. காரை கொடவுன்ல இருந்து ஷோரூமுக்குக் கொண்டு வர்றது டீலர் வேலை. "இது எதுக்கான காசு?"னு சிரிச்ச முகத்தோட ஒரு தடவை கேளுங்க. பல இடங்கள்ல இது முதல்ல கழண்டு விழுற வரி.

22,000 ரூபாய் ஆக்சஸரீஸ் பேக்கில் சீட் கவர், மேட், மட் ஃப்ளாப், டோர் வைசர், பெர்ஃப்யூம் எல்லாம் இருந்தது. "இது கம்பல்சரி சார்" என்றார்களாம். கம்பல்சரி இல்ல. தம்பி மேட்டும் மட் ஃப்ளாப்பும் மட்டும் 4,000-க்கு எடுத்தான். கோட்டிங் வேண்டாம்னுட்டான்.

எக்ஸ்டெண்டட் வாரண்டியை மட்டும் நானே எடுக்கச் சொன்னேன். 8 வருஷமாவது ஓட்டப்போறான், அவனுக்கு அது பிரயோஜனம். மூணு வருஷத்துல மாத்தறவங்களுக்குத் தேவையே இருக்காது. எல்லாத்தையும் வெட்டுறது புத்திசாலித்தனம் இல்ல. தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான்.

இப்போ டிஸ்கவுண்ட் பேசலாம்

தம்பி மொத்தம் மூணு டீலர்கிட்ட போனான். அதே கார், அதே வேரியண்ட், அதே கலர். மூணு பேர்கிட்டயும் எழுதின கோட்டேஷன் வாங்கினான். வாயால சொல்ற விலைக்கு மதிப்பே இல்ல.

அப்புறம் அவன் கேட்ட கேள்விகள்:

"கம்பெனி ஆஃபர் தவிர டீலர் தரப்புல என்ன தர்றீங்க?" இரண்டும் வேற வேற பாக்கெட்.

"கார்ப்பரேட் ஆஃபர் இருக்கா?" சம்பளக்காரங்களே, இதை மறக்காதீங்க. பல கார் கம்பெனிகள் ஐடி கார்டு காட்டினா தனியா தள்ளுபடி தர்றாங்க. நாம கேட்காத வரை சிலர் சொல்றதே இல்ல. தம்பிக்கு 5,000 கிடைச்சது.

"இந்தக் கார் எந்த மாசம், எந்த வருஷம் தயாரிச்சது?" ஆர்சியில் தயாரிப்பு மாசமும் வருஷமும் அச்சாகும். விற்கும்போது அந்த வருஷத்தை வச்சுத்தான் விலை சொல்வாங்க. ஜனவரியில் போய் போன வருஷத்துக் காரை வாங்கினா, அதுக்கான தள்ளுபடி கண்டிப்பா வேணும்.

இரண்டாவது ஷோரூம்ல மேனேஜரே வந்து உட்கார்ந்தார். "இதுக்கு மேல குறைச்சா எனக்கு நஷ்டம் சார்." தம்பி நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, "சரிங்க சார், வீட்ல பேசிட்டு சொல்றேன்"னு எழுந்து வந்துட்டான். வர்ற வழியில எனக்கு போன். "அண்ணா, அவர் ரொம்ப நல்லவரா தெரிஞ்சார். பாவமா இருக்கு."

பாவம்தான். ஆனா அவங்களுக்கு மாசக் கடைசியில் டார்கெட் இருக்கு, நமக்கு அஞ்சு வருஷம் இஎம்ஐ இருக்கு. நாலு நாள் கழிச்சு, 29-ஆம் தேதி, அவரே கூப்பிட்டார். ஹேண்ட்லிங் இல்ல, டீலர் தரப்புல இன்னும் 12,000 குறைவு. அந்த "இன்னைக்கு மட்டும்" 15,000 ஆஃபரும் அப்படியேதான் இருந்தது!

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லிடறேன். வெயிட்டிங் பீரியட்ல ஓடுற புது மாடலுக்கு இந்த டிஸ்கவுண்ட் எல்லாம் கிடைக்காது. அப்பவும் இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் வரிகள் நம்ம கையிலதான் இருக்கு.

லோனில் போட்ட பணத்தை விட்டுடாதீங்க

ஷோரூம்ல மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் "வட்டி வெறும் 5.5 சதவீதம் சார்" என்றாராம். கேட்க நல்லா இருக்கு. ஆனா அது ஃப்ளாட் வட்டி. 7 லட்சத்துக்கு 5 வருஷம் 5.5 ஃப்ளாட்னா இஎம்ஐ 14,875. குறையும் அசல் கணக்கில் பார்த்தா இது சுமார் 10 சதவீத வட்டி!

தம்பியோட சம்பள அக்கவுண்ட் பேங்க் 9 சதவீதத்துக்குத் தர்றேன்னது. இஎம்ஐ 14,531. மாசம் 344 ரூபாய்தானேன்னு தோணும், 60 மாசத்துக்கு 20,000-க்கு மேல. ஷோரூம் போறதுக்கு முன்னாடியே உங்க பேங்க்ல சாங்ஷன் லெட்டர் வாங்கி வச்சுக்கோங்க. கேஷா லோனான்னு கேட்டா, விலை முடிவாகற வரைக்கும் "இன்னும் முடிவு பண்ணல"ன்னே சொல்லுங்க.

கடைசிக் கணக்கு

- ஆர்டிஓ பதிவு: 3,500 மிச்சம்
- இன்சூரன்ஸ்: 11,500
- ஹேண்ட்லிங்: 8,500
- ஆக்சஸரீஸ்: 18,000
- கோட்டிங்: 9,900
- கூடுதல் டிஸ்கவுண்ட்: 17,000

மொத்தம் 68,400. ஆன்-ரோடு விலை 10,71,600. இதுல டிஸ்கவுண்ட்னு பேசி வாங்கினது 17,000 மட்டும்தான். மீதி 51,400 ரூபாய் ஒவ்வொரு வரியிலும் "இது எதுக்கு?"னு கேட்டதால வந்தது.

லோன் 7 லட்சம் போக அவன் போட வேண்டியது 3,71,600. சேர்த்து வச்சிருந்தது 3,75,000. கிரெடிட் கார்டைத் தொடவே இல்ல.

முழுப் பணம் கட்டறதுக்கும் பதிவு பண்றதுக்கும் முன்னாடி பகல் வெளிச்சத்துல காரைச் சுத்திப் பார்த்தான். பெயிண்ட், டயர், ஓடின கிலோமீட்டர், சேஸிஸ் நம்பர் எல்லாம். பணத்தை டீலர் கம்பெனி அக்கவுண்ட்டுக்கு மட்டும் அனுப்பினான். டெலிவரி அன்னைக்கு சித்தப்பாதான் எலுமிச்சம்பழம் வச்சார். அந்த மேனேஜரும் வந்து கை கொடுத்து, பெரிய கேக் ஒண்ணு வெட்ட வச்சார். பேரம் பேசினதால யாருக்கும் மரியாதை குறையல.

உங்க கோட்டேஷனில் புரியாத வரி எது இருந்தாலும், பேரையும் போன் நம்பரையும் மறைச்சுட்டு கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவில் சேர்ந்தே பார்க்கலாம். டோக்கன் போடறதுக்கு முன்னாடி போடுங்க, அது முக்கியம்!