தீஞ்ச வாடை வருதா? வேப்புக்குள்ள இருக்கிற பஞ்சைக் கவனிங்க!

லண்டனில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், பத்து வருஷ சிகரெட் பழக்கத்தை விட வேப்புக்கு மாறினார். நாமே காயில் சுற்றி, பஞ்சு வைத்துக்கொள்ளும் 'ரீபில்டபிள்' டேங்க். முதல் இழுப்பிலேயே தீஞ்ச துணியை விழுங்கிய மாதிரி தொண்டை எரிந்ததாம். "இதுக்கு சிகரெட்டே தேவலாம்டா" என்று அன்று ராத்திரியே ஒரு பாக்கெட் வாங்கிவிட்டார். தப்பு மெஷினில் இல்லை. உள்ளே இருந்த விரல் நீளப் பஞ்சில்!

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் யூஸ் அண்ட் த்ரோ வேப் விற்பனைக்குத் தடை. அதனால், சிகரெட்டை விட வேப்பை நம்பியிருக்கும் அங்குள்ளவர்கள் திரும்ப நிரப்பும் வகைக்கு மாற வேண்டியிருக்கிறது. பஞ்சு விஷயம் தெரியாமல் அதில் இறங்கினால், நண்பர் கதைதான் உங்களுக்கும்.

விளக்குத் திரிதான், ஆனா வேற லாஜிக்

வேப்புக்குள் நடப்பது ரொம்ப சிம்பிள். பஞ்சு இழைகளுக்கு நடுவில் இருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாக திரவம் ஏறி, காயிலுக்கு வருகிறது. காயில் சூடானதும் ஆவியாகிறது. குத்துவிளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்துளை ஏற்றம்தான்.

இவ்வளவு சூட்டில் பஞ்சு ஏன் கருகுவதில்லை? ஈரமாக இருக்கும்வரை, சூடு திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி நெருப்பில் காட்டினால் கப் எரியாதே, அதே கதை. திரவம் வந்து சேரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் அதிகமானால், பஞ்சு காயும், கருகும். இதைத்தான் 'டிரை ஹிட்' என்கிறார்கள்.

இது வெறும் டேஸ்ட் பிரச்னை இல்லை. 2015-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேப்பை அதிக வோல்டேஜில் ஓட்டியபோது ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் உருவாவதைக் கண்டார்கள். குறைந்த வோல்டேஜில் அவை தென்படவில்லை. 'அந்த அளவுக்குக் காய்ந்த புகையை எந்த மனுஷனும் இழுக்க மாட்டான்' என்று வேறு ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். இரண்டு தரப்பிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தீஞ்ச வாடை வந்தால் உடனே நிறுத்துங்க. 'இன்னும் ரெண்டு பஃப்ல சரியாகிடும்' என்று இழுக்காதீங்க.

எந்தப் பஞ்சு?

பறித்த பஞ்சில் இயற்கையாகவே மெழுகு இருக்கும். அதனால் அது தண்ணீரில் மிதக்கும். பூஜைக் கடைத் திரிக்கு அது பிரச்னை இல்லை. எண்ணெயும் மெழுகும் ஒட்டிக்கொள்ளும். வேப் திரவமோ புரோபிலின் கிளைகாலும் கிளிசரினும் சேர்ந்தது, தண்ணீரோடு கலக்கும் ரகம். மெழுகுப் பஞ்சு அதை உறிஞ்சாது. அதனால் மெழுகு நீக்கிய பஞ்சுதான் வேண்டும்.

* ஆர்கானிக் பஞ்சு: வெளுக்காதது, வாசனை இல்லாதது. வேப்புக்கென்றே பட்டையாகவும் ஷூ லேஸ் மாதிரியும் கிடைக்கிறது. புதியவர்களுக்கு இதுதான் ஈஸி.
* ஜப்பானிய காட்டன் பேட்: மேலும் கீழும் உள்ள மெல்லிய படலத்தை உரித்துவிட்டு, நடுப்பகுதியை நீளவாக்கில் வெட்ட வேண்டும்.
* மெடிக்கல் பஞ்சு: 100% பருத்தி என்று போட்டிருந்தால் ஓகே. டேஸ்ட் கொஞ்சம் சீக்கிரம் போய்விடும்.
* ரேயான்: நனைந்தால் பருத்தி அளவுக்கு உப்பாது. அதனால் சற்று இறுக்கமாக வைக்கணும்.
* மேக்கப் பஞ்சு: பாலியெஸ்டர் கலந்திருக்கலாம். சூட்டில் உருகும். வேண்டவே வேண்டாம்.

சந்தேகமா? ஒரு சிட்டிகை பஞ்சைத் தண்ணீரில் போடுங்க. நல்ல உறிஞ்சு பஞ்சு பத்து விநாடிக்குள் மூழ்கும். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்க. பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையும் சாம்பலும். உருண்டு மணியாக உருகினால் பிளாஸ்டிக்!

எப்படி வைக்கணும்?

1. கையைக் கழுவுங்க. மீட்டரில் காயிலின் ஓம் அளவைப் பாருங்க. ஷார்ட் காட்டினால் பேட்டரிக்கே ஆபத்து.
2. பஞ்சு வைக்கும் முன் காயிலை விட்டுவிட்டு லேசாகச் சூடாக்கி, நடுவிலிருந்து இருபக்கமும் சீராகச் சிவக்கிறதா என்று பாருங்க.
3. காயில் ஆறியதும் பஞ்சின் நுனியை முறுக்கி உள்ளே நுழைங்க. இழுக்கும்போது லேசாகப் பிடிக்கணும்; காயில் வளையக் கூடாது. ரொம்ப இறுக்கினால் திரவம் ஏறாது. ரொம்பத் தளர்ந்தால் வாய்க்குத் தெறிக்கும், டேங்க் ஒழுகும்.
4. இரண்டு வால்களையும் அளவாக வெட்டி, சீவி மெலிதாக்குங்க. திரவம் வரும் துளையை அது தொடணும், அடைக்கக் கூடாது. நண்பர் சொதப்பியது இங்கேதான்!
5. சொட்டுச் சொட்டாக முழுசாக நனைத்து, டேங்கை நிரப்பி, சில நிமிடம் விடுங்க. குறைந்த வாட்டில் தொடங்குங்க.

கிளிசரின் அதிகமுள்ள திரவம் கெட்டியாக இருக்கும், மெதுவாகத்தான் ஏறும். வால்களை இன்னும் மெலிதாக்குங்க. இனிப்பூட்டி சேர்ந்த திரவம் சீக்கிரம் காயிலில் கரியாகப் படியும். பஞ்சு பழுப்பானால், டேஸ்ட் மாறினால் தயங்காமல் மாற்றுங்க. எண்ணெய் கலந்த ஃபிளேவர் மட்டும் எப்போதும் கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியாவே வரலாம்.

ஊருக்கு வரும்போது...

இந்தியாவில் 2019-லிருந்து இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை. முதல் முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லீவுக்கு வருகிறவர்கள் பெட்டியில் எடுத்து வராதீங்க. இங்கே இருப்பவர்கள் ஆன்லைனில் தேடவும் வேண்டாம்.

இன்னொன்று. வேப் சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்றுதான் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை சொல்கிறது, தீங்கே இல்லை என்று அல்ல. சிகரெட்டே தொடாதவர்களுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. நிகோட்டின் அடிமைத்தனம்தான் மிச்சம்.

நண்பர் இப்போது பஞ்சை ஒழுங்காக வைக்கிறார். அந்த பாக்கெட்டுக்குப் பிறகு அடுத்த பாக்கெட் வாங்கவில்லை. நிகோட்டின் அளவையும் படிப்படியாகக் குறைத்துவருகிறார். "ஒருநாள் இந்தப் பஞ்சு மாத்துற வேலையும் இருக்கக் கூடாதுடா" என்றார். அதுதானே டார்கெட்!